ஆசிரியர் நடத்தும் ஆட்டம்

முப்பத்தொன்பதாவது கடிதத்தையும் படித்து முடித்த ஆசிரியர், கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் உலகம் கொஞ்சம் சாதுவாகத் தெரியும் என்பது அவருடைய அனுபவம்.

"என்ன சார் சொல்றாங்க?" எதிர் மேசையிலிருந்து ஓவியர் கேட்டாள். பத்திரிகைக்குப் படமும் வரைபடமும் போடுகிறவள் அவள்தான். பேசும்போதும் பென்சிலை வாயிலிருந்து எடுக்க மாட்டாள்.

"வரைபடம் நிறையப் போடுங்கன்னு பன்னிரண்டு பேர். வரைபடமே வேண்டாம்னு பன்னிரண்டு பேர்."

"மீதி பதினஞ்சு?"

"விதிமுறை ரொம்ப அதிகம்னு அஞ்சு பேர். விதிமுறை போதலைன்னு அஞ்சு பேர். வரைபடம் இருக்கட்டும், ஆனா கொஞ்சம் மங்கலா இருக்கட்டும்னு ஒருத்தர். அரக்கர்களுக்கு வாரத்துல ஒருநாள் லீவு விடுங்கன்னு ஒருத்தர். மூணு பேர் வெறும் தாளை மடிச்சு அனுப்பியிருக்காங்க."

"வெறும் தாள்னா என்ன அர்த்தம் சார்?"

"அதைத்தான் நானும் அரை மணி நேரமா யோசிக்கறேன்."

போன இதழில் 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று ஒரு முழுப் பக்கம் கேட்டிருந்தார்கள். கேட்கச் சொன்னவர் முதலாளி. வாசகர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் மூன்று இதழோடு கடையைக் கட்டிவிடலாம் என்று அவர் சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிறவர்.

பத்திரிகையின் பெயர் 'பனிக்கதவு'. மாதம் ஒருமுறை வரும். ஒரு விளையாட்டுக்கான பத்திரிகைதான், ஆனால் பந்து, மட்டை சமாசாரம் எதுவும் அதில் இருக்காது. ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார வேண்டும். ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். 'நீங்கள் ஒரு பழைய கோபுரத்தின் அடியில் நிற்கிறீர்கள். மழை தூறுகிறது. உள்ளே யாரோ இருமுகிறார்கள். என்ன செய்கிறீர்கள்?' என்பார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரக்காரி, ஒருவர் பூட்டுத் திறப்பதில் கெட்டிக்காரர். 'கதவைத் தள்ளுகிறேன்' என்பார் ஒருவர். கதவு திறந்ததா இல்லையா என்பதை இருபது முகம் உள்ள பகடை சொல்லும். பெரிய சாமான் எதுவும் தேவையில்லை. ஒரு மேசை, நாலைந்து பகடைகள், ஐந்தாறு மனிதர்கள்.

இந்தக் கடைசிச் சாமான்தான் ஆசிரியருக்குக் கிடைக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக அந்தப் பத்திரிகையை நடத்திவரும் அவர், ஒரே ஒரு தடவைகூட அந்த விளையாட்டை விளையாடியதில்லை.

இது அவருடைய மனைவிக்கு மட்டும் தெரியும்.

பத்திரிகைக்கு வருவதற்கு முன்னால் அவர் முதலாளியின் அச்சகத்தில் பேருந்து நேர அட்டவணைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நாளெல்லாம் ஊர்ப் பெயரும் மணியும் பார்த்துப் பார்த்து ஒருநாள் கண் சொக்கியது. அட்டவணையின் ஓரத்தில், இல்லாத ஒரு நிறுத்தத்தைப் பற்றி எழுதினார். மூடுபனி இருக்கும் நாட்களில் மட்டும் பேருந்து அங்கே நிற்கும். இறங்குகிற இடத்தில் ஒரு விளக்குக் கம்பம். அதன் கீழே ஒரு பெண் குடையோடு நின்று, இறங்குகிறவர்களை எல்லாம் "வந்துட்டீங்களா?" என்று கேட்பாள். யாரும் "இல்லை" என்று சொல்வதில்லை.

முதலாளி அதைப் படித்துவிட்டார். வேலை போகிறது என்று ஆசிரியர் நினைத்தார். ஆனால் முதலாளி அப்போதுதான் ஏதோ கண்காட்சியில் இந்த விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்திருந்தார். "இந்த மாதிரி எழுதற ஆளைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். உங்களுக்கு அந்த விளையாட்டு தெரியும்தானே?" என்றார்.

"தெரியும்" என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். ஒரு வாரத்துக்குள் கற்றுக்கொண்டுவிடலாம் என்றுதான் நினைத்தார். ஐந்து பேர் சேரவில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டார். அப்புறம் அடுத்த வருடம். பிறகு, "எப்படி விளையாடுவது?" என்று யாரையும் கேட்கக்கூடிய நிலையை அவர் தாண்டிவிட்டார்.

ஆனாலும் எழுதுவது நின்றதில்லை. பேருந்தில் போகும்போது மேகத்தில் மதில்கள் தெரியும். அலுவலகம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. படியேறி வரும் யாரும் தன்னையே ஏழெட்டுத் தடவை சந்தித்துவிட்டுத்தான் மேலே வர முடியும். அந்த ஏழெட்டு பேரில் யாராவது ஒருவர் ஒருநாள் தன்னோடு வராமல் அங்கேயே தங்கிவிடுவார் என்று ஆசிரியருக்கு ஒரு எண்ணம் உண்டு. அதிலிருந்து ஒரு கதைக்களம் பிறந்தது. அந்த இதழ் நன்றாகப் போனது.

"சார், பூதக்கண்ணாடி கடிதம் வரலையா?" என்றாள் ஓவியர்.

"வந்திருக்கு. அதை முப்பத்தொன்பதுல சேர்க்கலை. அது தனிப் பார்சல்."

பூதக்கண்ணாடி என்பது அவர்கள் வைத்த பெயர். ஒன்பது வருடமாக ஒவ்வொரு இதழுக்கும் அந்த அம்மாளிடமிருந்து பிழைப் பட்டியல் வந்துவிடும். இந்தத் தடவை பதினோரு பக்கம். 'பதினான்காம் பக்கத்தில் பாலத்தின் நீளம் நாற்பது அடி என்கிறீர்கள். பதினாறாம் பக்கத்தில் அரக்கன் அதை மூன்றே எட்டில் கடக்கிறான். அவன் கால் எவ்வளவு நீளம்? எங்கள் குழுவில் ஆறு பேரும் இதைப் பற்றி மூன்று வாரம் விவாதித்தோம்.'

"ஆறு பேர்" என்று ஆசிரியர் முணுமுணுத்தார். அந்த ஆறு பேரை அவர் அடிக்கடி நினைத்துப் பார்ப்பார். மஞ்சள் விளக்கு, வட்ட மேசை, அதைச் சுற்றி ஆறு தலைகள். ஒருத்தர் சிரிக்கிறார். இன்னொருத்தர் அரக்கனின் காலை அளக்கிறார். நினைத்தால் பொறாமையாக இருக்கும்.

அன்று மாலை முதலாளியிடமிருந்து தொலைபேசி.

"என்ன ஆசிரியரே, என்னதான் வேணுமாம் அவங்களுக்கு?"

உண்மையைச் சொன்னால் மூன்று இதழ்கூடத் தாங்காது. ஆசிரியர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். எதிர்க் கட்டடத்தின் மொட்டை மாடியில் யாரோ உலர்த்திய ஒரு வெள்ளைத் துணி காற்றில் எழுந்து எழுந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "பத்திரிகை ரொம்பத் திருப்தியா இருக்காம் சார். குறைன்னு ஒண்ணும் இல்லை. ஒரே ஒரு ஆசைதான். ஆசிரியரை நேர்ல பார்க்கணுமாம்" என்றார்.



"அட! இதை முன்னாடியே சொல்லக்கூடாதா? கூட்டம் போட்டுடுவோம். நீச்சல் குளத்துக்கு மேல ஒரு கூடம் இருக்கு, நமக்குத் தெரிஞ்சவர்தான். சும்மா பார்த்துட்டுப் போனா எப்படி? நீங்களே ஒரு ஆட்டம் நடத்துங்க. 'ஆசிரியர் நடத்தும் ஆட்டம்'. தலைப்பு நல்லா இருக்குல்ல?"

"சார், அது வந்து—"

"அடக்கம் எல்லாம் வேண்டாம்யா. பன்னிரண்டு வருஷ அனுபவம் உங்களுக்கு!"

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். மனைவி உடற்பயிற்சிச் சிகிச்சை செய்பவள். நாள் முழுக்க அடுத்தவர் முதுகைப் பிடித்துவிட்டு வருகிற களைப்பிலும் பொறுமையாகக் கேட்டாள்.

"விளையாடினதே இல்லைன்னு சொல்லிடுங்களேன்."

"சொன்னா மூடிடுவாங்க."

"சொல்லலைன்னா?"

"எல்லார் முன்னாடியும் மூடுவாங்க."

"முதல்ல நிமிர்ந்து உக்காருங்க. இப்படிக் கூனிக்கிட்டு யோசிச்சா எப்படி யோசனை வரும்?"

நிமிர்ந்ததும் யோசனை வந்தது. பூதக்கண்ணாடியையே கேட்டால் என்ன? அவளுக்குத்தான் எல்லா விதியும் தலைகீழ்ப் பாடம். 'தாங்கள் அனுபவம் மிக்கவர். அன்றைய ஆட்டத்தைத் தாங்களே நடத்தி எங்களைப் பெருமைப்படுத்த வேண்டும்' என்று அழகான தாளில் எழுதி அனுப்பினார்.

மறு தபாலிலேயே பதில் வந்தது. 'தாங்கள் இருக்கையில் நான் நடத்துவதா? தங்கள் ஆட்டத்தைக் கண்ணால் காண வேண்டும் என்பது எங்கள் குழுவின் ஒன்பது வருடக் கனவு. எனக்குத் தெரிந்த வாசகர்கள் எல்லோருக்கும் எழுதிவிட்டேன்.'

அதுவரை இருபத்தோரு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரக் கடைசியில் அறுபத்திரண்டு பேர் ஆனார்கள்.

"பழகிப் பார்த்துடுங்க" என்றாள் மனைவி. "நான் இருக்கேன். அண்ணனையும் வரச் சொல்றேன்."

அவளுடைய அண்ணன் வாகனம் ஓட்டக் கற்றுத் தருகிறவர். சனிக்கிழமை சாயங்காலம் வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, இல்லாத சீட் பெல்ட்டைத் தேடிவிட்டு, "ஆரம்பிங்க மாப்ளே" என்றார்.

ஆசிரியர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். நான்கு மணி நேரம் ஓடக்கூடிய ஆட்டம் ஒன்றைத் தயார் செய்திருந்தார். "நீங்க ரெண்டு பேரும் ஒரு பழைய கோபுரத்துக்கு அடியில நிக்கறீங்க. மழை தூறுது. கோபுரத்தோட உச்சி தெரியலை. மேகம் அதை மெதுவா தின்னுக்கிட்டு இருக்கு. நீங்க வந்த குதிரைங்க ரெண்டும்—"

"குதிரையை எங்க நிறுத்தியிருக்கு?" என்றார் மச்சான்.

"பக்கத்துலதான்."

"திருப்பத்துலயா?"

"திருப்பம்னு சொல்ல முடியாது மச்சான். ஒரு மரத்தடி."

"மரத்தடின்னா சரி. திருப்பத்துல நிறுத்தக்கூடாது."

"கோபுரத்துக்குள்ள இருந்து ஒரு சத்தம் வருது. ஒரு அரக்கன் இருமறான்."

மனைவி நிமிர்ந்தாள். "எத்தனை நாளா?"

"என்னது?"

"இருமல். எத்தனை நாளா இருக்கு? சளி இருக்கா, வறட்டு இருமலா?"

"அவன் அரக்கன். நூறு வருஷமா அந்தக் கோபுரத்துக்குள்ளயே இருக்கான்."

"ஈரத்துலயே படுத்துக் கிடந்தா இருமத்தான் செய்வான், பாவம். நான் உள்ள போறேன்."

"கதவு பூட்டியிருக்கு. பகடை உருட்டணும்."

"தட்டினா திறக்க மாட்டானா?"

ஆசிரியர் யோசித்தார். இத்தனை வருடத்தில் அவர் எழுதிய எந்தக் கதைக்களத்திலும் யாரும் கதவைத் தட்டியதில்லை. "திறப்பான்னுதான் நினைக்கறேன்" என்றார்.

பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. மனைவி அரக்கனைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் எந்த இடத்தில் எப்படித் தட்ட வேண்டுமோ அப்படித் தட்டினாள். மச்சான் கம்பளியைக் காய வைத்தார். அரக்கனுக்கு நூறு வருடத்தில் முதல் தடவையாகத் தூக்கம் வந்தது. ஆசிரியர் அதைச் சொல்லும்போது அவருடைய குரல் தானாகத் தணிந்தது. மழை விட்டது. மூன்று பேரும் கொஞ்ச நேரம் அரக்கன் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் சும்மா இருந்தார்கள்.

"ஜெயிச்சாச்சா மாப்ளே?" மச்சான் ரகசியமாகக் கேட்டார், அரக்கன் எழுந்துவிடக்கூடாதே என்று.

"இதுல ஜெயிக்கறது, தோக்கறது எல்லாம் கிடையாது மச்சான்."

"அப்புறம் எதுக்கு விளையாடறாங்க?"

ஆசிரியர் உருட்டாத பகடையைக் கையில் எடுத்து, இருபது முகத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நூற்று நாற்பத்து நான்கு இதழ் எழுதியவர்.

நான்கு மணி நேர ஆட்டம் பத்து நிமிடத்தில் முடிகிறது, மீதி மூன்று மணி ஐம்பது நிமிடத்துக்கு என்ன செய்வது? அன்றிரவே முடிவு செய்தார். திங்கட்கிழமை கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, முதலாளியின் அறைக்குப் போய், ஒரு சீட்டை நீட்டினார். 'குரல் போய்விட்டது. கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டுகிறேன்.'

முதலாளி அதை இரண்டு தடவை படித்தார். கண் கலங்கியது.

"இந்த நிலைமையிலயும் அலுவலகத்துக்கு வந்திருக்கீங்களே! கவலைப்படாதீங்க. நல்ல மைக்கா ஏற்பாடு பண்ணிடறேன். நீங்க மூச்சு விட்டாக்கூடக் கடைசி வரிசைக்குக் கேக்கும்."

மறுநாள் சுவரொட்டியில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. 'குரல் நலிந்த நிலையிலும் வாசகர்களுக்காக!'

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். நீச்சல் குளத்துக்கு மேலே இருந்த அந்தக் கூடத்துக்கு ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். கீழே தண்ணீரில் விழுந்த வெயில் கூரையில் ஏறி, வெள்ளை வெள்ளை வளையங்களாக நெளிந்துகொண்டிருந்தது. நாற்காலிகள், மேசைகள், மனிதர்களின் முகங்கள் எல்லாவற்றின்மேலும் அந்த வெளிச்சம் அசைந்தது. எல்லோரும் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. இதை எழுத வேண்டும் என்று ஆசிரியர் நினைத்தார். உடனே, இனி எழுதப் பத்திரிகை இருக்காது என்பதும் நினைவுக்கு வந்தது.

எட்டு மேசை. ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம் நிறையப் பகடைகள். அறுபத்திரண்டு பேரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். வந்தவர்கள் கல்யாணப் பெண் பார்க்க வந்தவர்கள்போல விறைப்பாக உட்கார்ந்தார்கள். ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். மரியாதையாகச் சிரித்தார்கள். யாரும் பகடையைத் தொடவில்லை.

'எல்லாரும் கைதேர்ந்தவங்க. அதான் அலட்டிக்கலை' என்று ஆசிரியர் நினைத்துக்கொண்டார்.

முதல் வரிசையில் மெலிந்த ஓர் அம்மாள், மடியில் பெரிய கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். பத்திரிகையின் பழைய இதழ்கள் பையிலிருந்து எட்டிப் பார்த்தன. எல்லாவற்றிலும் பக்கத்துக்குப் பக்கம் அடையாளச் சீட்டு. யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

"உங்க குழு வரலையா?" என்று ஆசிரியர் தணிந்த குரலில் கேட்டார்.

"வர்றதாத்தான் இருந்தது" என்றாள் பூதக்கண்ணாடி. "ஜுரம்."

"யாருக்கு?"

"ஆறு பேருக்கும்."

முதலாளி வரவேற்றுப் பேசினார். பன்னிரண்டு வருட அனுபவம் என்பதை நான்கு தடவை சொன்னார். கை தட்டினார்கள். கடைசி மேசையில் மனைவியும் மச்சானும் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி முதுகை நிமிர்த்திக் காட்டினாள். ஆசிரியர் நிமிர்ந்தார்.

தயாரித்து வைத்திருந்த தாள்களைப் பார்த்தார். எழுத்துகள்மேல் தண்ணீர் வெளிச்சம் ஓடியதில் ஒரு வரியும் நிலைக்கவில்லை. தாள்களைக் கவிழ்த்து வைத்தார்.

"நீங்க ஒரு பேருந்துல வந்துக்கிட்டு இருக்கீங்க" என்றார். மைக் அவருடைய மூச்சையும் சேர்த்துக் கூடம் முழுக்கப் பரப்பியது. "வெளியில மூடுபனி. ஜன்னல்ல உங்க முகத்தைத் தவிர எதுவும் தெரியலை. ஓட்டுநர் ஒரு நிறுத்தத்துல நிறுத்தறார். அட்டவணையில அப்படி ஒரு நிறுத்தமே கிடையாது. கதவு திறக்குது. ஈர மண் வாசனை வருது. என்ன செய்யறீங்க?"

அறுபத்திரண்டு பேரும் மற்ற அறுபத்தொரு பேரைப் பார்த்தார்கள்.

ஆசிரியருக்குப் புரிந்துவிட்டது. சோதிக்கிறார்கள். ஏதோ ஒரு விதியை இப்போதே தவறவிட்டிருக்கிறார்.

"இறங்கலாமா?" என்று மூன்றாவது மேசையிலிருந்து ஒரு பெண் மெல்லக் கேட்டாள். ரொட்டிக் கடைக்காரி என்று சட்டையில் மாட்டிய சீட்டில் எழுதியிருந்தது.

"இறங்கலாம்."

"அப்ப நான் இறங்கறேன்" என்றாள். சொன்னதும் அவளுக்கே வியப்பாக இருந்ததுபோல, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நானும்" என்றார் இன்னொருவர்.

"இறங்கறப்ப பின்னாடி வண்டி வருதான்னு பார்த்துக்குங்க" என்றது மச்சானின் குரல்.

சிரிப்பு எழுந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். மூடுபனிக்குள் ஒரு தெரு இருந்தது. தெருவில் ஒரு கடிகாரம் பழுதுபார்க்கும் கடை. கடையில் இருந்த கடிகாரங்கள் எல்லாம் வேறு வேறு மணி காட்டின. அவரவருக்குப் பிடித்த மணியில் ஏதாவது நின்றிருக்கிறதா என்று தேடிப் பார்த்தார்கள். ஒருவர் தன் அப்பாவின் கடிகாரம் அங்கே இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றார் ஆசிரியர். ஒரு செவிலி அங்கே ஒரு வீடு வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்தாள். ஆற்றுப் பக்கம் ஜன்னல் வேண்டும் என்றாள். ஆறு இருந்தது. ரொட்டிக் கடைக்காரி அங்கேயும் கடை போடுவதாகச் சொல்லிவிட்டு, பிறகு மனதை மாற்றிக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கப்போவதாகச் சொன்னாள். எல்லோரும் அதை ஒத்துக்கொண்டார்கள்.

கூரையில் வெளிச்சம் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தபோது இரண்டரை மணி நேரம் ஓடியிருந்தது. ஒரு பகடைகூட உருளவில்லை. முதலாளி ஒரு தூணில் சாய்ந்து, வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஓவியர் பென்சிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அந்தத் தெருவை வரைந்துகொண்டிருந்தாள், கொஞ்சம் மங்கலாக.

பிழைத்துவிட்டோம் என்று ஆசிரியர் நினைத்த நேரத்தில் பூதக்கண்ணாடி கை தூக்கினாள். முழு நேரமும் ஒரு வார்த்தை பேசாமல் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருந்தவள் அவள்.

"சார், ஒரு சின்னச் சந்தேகம்."



"நீங்க விளையாடும்போது" என்று தயங்கினாள், "பகடையை முதல்ல யார் உருட்டுவாங்க?"

பாலர் பாடத்தில் இருக்கிற கேள்வி. இதைப் போய் ஒன்பது வருடம் பிழை கண்டுபிடித்தவள் கேட்கிறாள் என்றால், கேள்வி பகடையைப் பற்றியது இல்லை. கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்ததையும் எல்லோர் முன்னாலும் சொல்லாமல், கௌரவமாக வழி காட்டுகிறாள்.

ஆசிரியர் கழுத்துத் துணியை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். அறுபத்திரண்டு முகமும் மங்கலாகி, ஒரே முகமாகின.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். மைக்கில் அது தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டது. "எனக்குத் தொண்டையும் நல்லாத்தான் இருக்கு. நான் இந்த விளையாட்டை விளையாடினதே இல்லை. பன்னிரண்டு வருஷத்துல ஒரு தடவைகூட இல்லை. போன சனிக்கிழமை வீட்ல பத்து நிமிஷம் விளையாடிப் பார்த்தேன், அதுலயும் அரக்கனுக்கு இருமல் நின்னு போச்சு. அஞ்சு பேர் சேரவே இல்லை எனக்கு. உங்க கடிதத்துல எல்லாம் 'எங்க குழு, எங்க குழு'ன்னு படிக்கும்போது, எங்கயோ ஒரு மேசையைச் சுத்தி நிஜமாவே இது நடக்குதுன்னு சந்தோஷப்பட்டுக்குவேன். அதுக்காகத்தான் எழுதினேன். மன்னிச்சுக்குங்க. பத்திரிகையை மூடறதுன்னா, அது என்னால மூடினதா இருக்கட்டும்."

கீழே யாரோ தண்ணீரில் குதித்த சத்தம் கேட்டது. கூரை வெளிச்சம் ஒருமுறை கலைந்து மறுபடி சேர்ந்தது.

முதலாளி தூணிலிருந்து நகரவில்லை. பூதக்கண்ணாடி நோட்டுப் புத்தகத்தை மூடி, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். ரொட்டிக் கடைக்காரி செவிலியைப் பார்த்தாள். செவிலி பக்கத்து மேசையைப் பார்த்தாள். பார்வை ஒவ்வொரு மேசையாகப் போய், கதவோரம் தனியாக உட்கார்ந்திருந்த ஒருவரிடம் போய் நின்றது. மின்தூக்கி பழுதுபார்ப்பவர். வேலை உடுப்போடேயே வந்திருந்தார். இதுவரை வாயே திறக்காதவர், இப்போது எழுந்து நின்று, கையைப் பிசைந்துகொண்டு கேட்டார்:

"அப்ப விளையாடறவங்க ஒருத்தருமே வரலையா சார்? அவங்க எப்படி இருப்பாங்கன்னு பார்த்துட்டுப் போகத்தானே நாங்க அறுபத்திரண்டு பேரும் வந்திருக்கோம்!"